உலகம் சனிக்கிழமை முடிகிறது: ‘குட் ஓமன்ஸ்’ நாவலை முதன்முறை வாசிப்பவர்களுக்கு

கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஓரமாக எங்கள் ஊர் வாசிகசாலை இருக்கிறது. காலையில் பத்திரிகை பார்க்க வருபவர்கள், பின்னேரம் பரீட்சைக்குப் படிக்க வரும் பிள்ளைகள் என்று அதன் நாட்கள் போகும். ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் நாங்கள் ஏழெட்டுப் பேர் கதிரைகளை மரநிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு ஓர் ஆங்கில நாவலை உரத்து வாசிக்கிறோம். டெர்ரி பிராட்செட், நீல் கெய்மன் என்ற இருவர் சேர்ந்து எழுதி 1990 இல் வெளிவந்த ‘குட் ஓமன்ஸ்’ அது. இப்போது மூன்றாவது சுற்று நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்பவர்கள் ஒரே முறைப்பாட்டோடுதான் வருகிறார்கள். "பகிடியான புத்தகம் என்றீர்கள். இருபது பக்கம் வாசித்துவிட்டேன், தலைகால் புரியவில்லை." அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் முதலில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு தனியாகத்தான் தொடங்கினேன். பக்கத்துக்குப் பத்துச் சொல் தேடினேன். சொற்களெல்லாம் விளங்கின, பகிடி ஒன்றுகூட விளங்கவில்லை. மூடி வைத்துவிட்டேன். பிறகொரு மாரிக்காலப் பின்னேரம், உயர்தரம் படிக்கும் என் தங்கையின் மகள் அதே பக்கத்தை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். மூன்றாவது வரியில் இருவரும் சிரித்துவிட்டோம். இரண்டு பேர் ஒருவரையொருவர் சிரிக்க வைப்பதற்காக எழுதிய நாவல் அது. அதைத் தனியாக உட்கார்ந்து கண்ணால் மட்டும் மேய்ந்தால் பாதிதான் கிடைக்கும். ஆகவே முதல் வேலை, கூட வாசிக்க ஒருவரைத் தேடிக்கொள்வது. மனைவி, அண்ணன், பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாரானாலும் சரி. இருவருக்கும் ஒரே பிரதி போதும். இருவருடைய ஆங்கிலமும் அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. ஒருவருக்குத் தெரியாத இடத்தில் மற்றவருக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கும்.

கதையின் தலைவாசல்

உலகம் வருகிற சனிக்கிழமை முடியப்போகிறது. விண்ணகமும் நரகமும் கடைசிப் போருக்கு அணிவகுத்து நிற்கின்றன. ஆனால் பூமியில் ஒரு தேவதூதனும் ஒரு பேயும் இருக்கிறார்கள். படைப்பு தொடங்கிய காலத்திலிருந்து இங்கேயே வேலை பார்த்துப் பார்த்து, மனிதரோடும் அவர்களுடைய சாப்பாட்டோடும் பாட்டோடும் புத்தகங்களோடும் ஒட்டிப்போனவர்கள். உலகம் முடிவதில் இவர்களுக்கு விருப்பமில்லை. எதிரெதிர்த் தரப்பினரான இருவரும் இரகசியமாகக் கைகோத்து அதைத் தடுக்கப் பார்க்கிறார்கள். அழிவைத் தொடக்கி வைக்க வேண்டிய பிள்ளையோ, பிறந்த அன்றே மருத்துவமனையில் இடம் மாறி, எவருடைய கண்காணிப்பும் இல்லாமல் ஓர் ஆங்கிலக் கிராமத்தில் சாதாரணப் பையனாக வளர்ந்து விடுகிறான். இவ்வளவும் தெரிந்துகொண்டு உள்ளே போவதால் ஒன்றும் கெட்டுவிடாது. இந்த நாவலின் சுவை முடிச்சு அவிழ்வதில் மட்டும் தங்கியிருக்கவில்லை, போகிற வழியெல்லாம் கிடக்கிறது.

பெயர்கள் நிறைய வருகின்றன. புத்தகத்தின் முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் ஒன்றை ஆசிரியர்களே தந்திருக்கிறார்கள். அதை ஒரு கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தேவதூதன் அசிரஃபேல். லண்டனின் சோஹோ பகுதியில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறான், புத்தகங்களை விற்க மட்டும் மனம் வருவதில்லை. பேய் குரோலி. ஏதேன் தோட்டத்தில் பாம்பாக வந்தவன் இவன்தான். இப்போது 1926 ஆம் ஆண்டுக் கறுப்பு பென்ட்லி கார் ஓட்டுகிறான். பையன் ஆடம், வயது 11. அவனுடைய கூட்டாளிகள் பெப்பர், வென்ஸ்லிடேல், பிரையன். சூனியக்காரியின் வழிவந்த அனதீமா, சூனிய வேட்டைக்கு ஆளெடுக்கும் ஷாட்வெல், அவரிடம் வேலைக்குச் சேரும் நியூட்டன். தொடக்கத்தில் இவ்வளவு போதும்.

எழுதிய இருவர்

இருவரும் சந்தித்தது 1985 இல், லண்டனில் ஒரு சீன உணவகத்தில். கெய்மன் அப்போது பத்திரிகையாளர், பிராட்செட்டைப் பேட்டி எடுக்க வந்தவர். பின்னர் அவர் இந்தக் கதையின் தொடக்கமாகச் சில ஆயிரம் சொற்கள் எழுதி, நண்பர்களுக்குக் காட்டிவிட்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டார். ஒருநாள் பிராட்செட் தொலைபேசியில் அழைத்து, கதை மேலே எப்படிப் போகும் என்று தனக்குத் தெரிகிறது, சேர்ந்து எழுதலாமா என்று கேட்டார். இணையம் வீட்டுக்கு வராத காலம். எழுதியதைக் கணினித் தட்டில் ஏற்றித் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். நாள்தோறும் தொலைபேசியில் ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டினார்கள். கெய்மன் இரவில் எழுதிப் பகலில் தூங்குகிறவர். பிராட்செட் விடியவே எழுந்து மேசைக்கு வருகிறவர்.

நமக்கு இது புதிய சங்கதியல்ல. இளஞ்சூரியர், முதுசூரியர் என்ற இரட்டைப்புலவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்கு நடக்க இயலாது. கண் தெரியாதவர் மற்றவரைத் தோளில் சுமக்க, சுமக்கப்பட்டவர் வழி சொல்வார். வெண்பாவின் முன்பாதியை ஒருவர் எடுத்துக் கொடுப்பார், பின்பாதியை மற்றவர் முடிப்பார். குளத்தில் துணி துவைக்கும்போது துணி கைநழுவிப் போன கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாம் அதைத் தப்பினால் அது நம்மைத் தப்பாதா என்று ஒருவர் கேட்கிறார். அடித்துத் துவைப்பதும் தப்பல், நழுவிப் போவதும் தப்பல். இந்தக் கலிங்கம் போனால் என்ன, மதுரைச் சொக்கலிங்கம் துணையிருக்கிறாரே என்று மற்றவர் முடிக்கிறார். உடுத்திருந்த துணி போய்விட்டது, உதவிக்கு ஆளில்லை, அந்த நேரத்தில் இரண்டு பேருக்கு நடுவே ஒரு பகிடி பிறக்கிறது. அதை யார் தொடங்கினார், யார் முடித்தார் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுவதேயில்லை.

‘குட் ஓமன்ஸ்’ வாசிக்கும்போதும் அதே மனநிலை வேண்டும். இந்த வரி பிராட்செட்டுடையதா, கெய்மனுடையதா என்று துப்புத் துலக்கிக்கொண்டிருக்காதீர்கள். பிராட்செட் அதற்கு முன்பே தட்டையான உலகம் ஒன்றை ஆமையின் முதுகில் வைத்து நகைச்சுவை நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், கெய்மன் இருண்ட கனவுகளைச் சித்திரக்கதையாக எழுதியவர் என்பது தெரிந்தால் போதும். ஒரே பத்தியில் குழந்தைத்தனமும் குளிரும் கலந்து வருவதன் காரணம் விளங்கிவிடும்.

தொடங்குமுன் அரை மணி நேர வேலை

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான திருவெளிப்பாட்டில் 6 ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துவிடுங்கள். மடு மாதா கோவிலுக்குப் போய்வரும் குடும்பங்களில் தமிழ் வேதாகமம் இல்லாத வீடு இராது, கேட்டால் தருவார்கள். முத்திரைகள் உடைய உடைய நான்கு குதிரைகளில் நால்வர் வருகிறார்கள்: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, வெளிறிய நிறம். நாவலில் அந்த நால்வரும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். போர், பஞ்சம், சாவு என்ற மூவரும் பழைய ஆட்கள். கொள்ளைநோய் மட்டும் பெனிசிலினைத் திட்டிக்கொண்டே 1936 இல் ஓய்வுபெற்றுப் போய்விட, அந்த இடத்துக்குச் சூழல் மாசு வேலைக்கு வந்திருக்கிறது. 6 ஆம் அதிகாரம் தெரிந்தவருக்கு இந்த இடத்தில் சிரிப்பும் வரும், பின்னாலேயே ஒரு நெருடலும் வரும்.

சைவ வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு யுகமுடிவு பழகிய கதை. கலியுகம் முடிகையில் வெள்ளைக் குதிரையில் கல்கி வருவதையும் பிரளயத்தையும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதைகளில் யுகம் முடிந்தால் இன்னொரு யுகம் தொடங்கும். கிறிஸ்தவ மரபில் முடிவு என்றால் ஒரே முடிவுதான். குரோலியும் அசிரஃபேலும் அவ்வளவு பதறுவது அதனால்தான்.

இன்னும் இரண்டு தகவல். 1976 இல் வந்த ‘தி ஓமன்’ என்ற திகில் படத்தில் சாத்தானின் பிள்ளை ஓர் இராசதந்திரியின் வீட்டில் வளர்கிறான். நாவல் அதைக் கவிழ்த்துப் போட்டு விளையாடுகிறது. அடுத்தது ஆயர் அஷர். 17 ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தில் இருந்தவர், வேதாகமத்து வம்ச வரலாறுகளைக் கூட்டிக் கழித்து, உலகம் கி.மு. 4004 ஒக்டோபரில் படைக்கப்பட்டது என்று கணக்குச் சொன்னார். நாவலின் முதல் பக்கங்களில் படைப்புக்கு நாளும் காலை ஒன்பது மணியும் குறிக்கப்படுவது அந்தக் கணக்கைத் தொட்டுத்தான்.

வாசிக்கும் ஒழுங்கு

இதில் வழக்கமான அத்தியாயங்கள் இல்லை. ‘ஆதியிலே’ என்ற முன்னுரை, ‘பதினொரு ஆண்டுகளுக்கு முன்’ என்ற பகுதி, பிறகு புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாட்கள். வேலை, வயல், வீடு என்று இருப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. முன்னுரையை ஒரே இருப்பில் முடியுங்கள், சில பக்கங்கள்தான். ‘பதினொரு ஆண்டுகளுக்கு முன்’ பகுதிக்கு இரண்டு மூன்று நாட்கள் கொடுங்கள். புதனும் வியாழனும் ஓட்டமாகப் போகும். சனிதான் நீளமானது, அதற்கு இரண்டு மூன்று வாரம் எடுத்தாலும் தவறில்லை. எங்கள் குழு காலபோக விதைப்பு முடிந்த கையோடு தொடங்கி, அறுவடைக்கு முன்னர் சனியை முடிக்கப் பார்க்கும். பன்றியும் யானையும் வராமல் வயலில் காவலிருக்கும் இரவுகளில் இரண்டு பேர் ரோச் லைட் வெளிச்சத்தில் வாசித்து முடித்த பகுதிகளும் உண்டு.

முன்னுரையில் ஒரு இடத்தில் நின்று போக வேண்டும். ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டாயிற்று. கிழக்கு வாசலைக் காக்க வேண்டிய தேவதூதன், கையிலிருந்த தீப்பிழம்பு வாள் எங்கே என்று பாம்பு கேட்டதும் தடுமாறுகிறான். உண்மையில் அதை அந்த இருவருக்கும் கொடுத்துவிட்டான். அவளோ பிள்ளைத்தாய்ச்சி, வெளியே குளிர், விலங்குகள் வேறு. தான் செய்தது சரியா பிழையா என்று அவன் தவிக்கிறான். தான் செய்வித்தது தற்செயலாக நன்மையாகிவிட்டதோ என்று பக்கத்தில் பாம்பும் யோசிக்கிறது. அப்போது உலகத்தின் முதல் மழை இறங்குகிறது. இங்கே சித்திரை வெயிலும் ஆவணிக் காற்றும் தின்று முடித்த நிலத்தில் ஐப்பசியில் முதல் மழை விழும்போது நாம் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்போமே, அந்த வாசனையோடு இதை வாசியுங்கள். நாவல் முழுவதும் இந்த ஒரு காட்சியிலிருந்துதான் முளைக்கிறது.

பெரும்பாலானவர்கள் வழி தவறுவது அடுத்த பகுதியில். மடத்து மருத்துவமனையில் மூன்று குழந்தைகள், கன்னியர்கள், இரண்டு தந்தையர், அறைக்கு அறை மாறும் தொட்டில்கள். ஆசிரியர்கள் வேண்டுமென்றே சீட்டுக் கலைப்பவனின் வேகத்தில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கண்டுபிடித்த வழி, மூன்று புளியங்கொட்டைகள். ஒன்றில் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள், அதுதான் நரகத்திலிருந்து வந்த பிள்ளை. மேசையில் மூன்று வட்டம் வரைந்து, ஒருவர் வாசிக்க வாசிக்க மற்றவர் கொட்டைகளை நகர்த்த வேண்டும். பகுதி முடியும்போது பொட்டு வைத்த கொட்டை எந்த வீட்டில் நிற்கிறது என்று பாருங்கள். தவறினால் திரும்பவும் வாசியுங்கள். எங்கள் குழுவில் இரண்டாம் சுற்றிலும் இதைப் பிழையாக நகர்த்திய ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் இப்போது புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்.

அடிக்குறிப்புகளும் பெரிய எழுத்துகளும்

அடிக்குறிப்பென்றால் படிப்பாளிகளின் சமாசாரம் என்று தாண்டிப் போகும் பழக்கம் நமக்கு இருக்கிறது. இந்தப் புத்தகத்தில் அதைச் செய்தால் பெரிய நட்டம். கோவலன் கூத்திலோ காத்தவராயன் கூத்திலோ கதை கனமாகப் போய்க்கொண்டிருக்கையில் கட்டியகாரன் வந்து நின்று சபையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவானே, இங்கே அடிக்குறிப்பு அந்த வேலையைச் செய்கிறது. எனவே ஒருவர் மேலே உள்ளதை வாசிக்கட்டும், குறி வந்ததும் நிறுத்தட்டும், மற்றவர் கீழே உள்ளதை வேறு குரலில் வாசிக்கட்டும். இரண்டு பேர் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒன்றைக் கிட்டப் பார்ப்போம். பழைய ஆங்கிலக் காசை விளக்கும் அடிக்குறிப்பு ஒன்று வருகிறது. ஒரு பவுணுக்கு 20 சிலிங், ஒரு சிலிங்குக்கு 12 பென்ஸ், இடையில் இன்னும் பல பெயர்கள் என்று மூச்சுமுட்டப் பட்டியல் போட்டுவிட்டு, பிரித்தானியர் தசமக் காசுக்கு மாற நெடுங்காலம் மறுத்தார்கள், அது சிக்கலானது என்று நினைத்தார்கள் என்று முடிகிறது. அவர்கள் தசமக் காசுக்கு மாறியது 1971 பெப்ரவரியில். அவர்களுடைய ஆட்சியின் கீழேயே இலங்கையின் ரூபாய் 1872 இல் 100 சதமாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினால், ஆங்கிலம் தெரியாத அப்பாமாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

பெரிய எழுத்து விடயமும் அப்படித்தான். சாவு பேசும் வசனங்கள் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும், மேற்கோள் குறியும் இராது. நம் எழுத்தில் பெரியது சிறியது இல்லாததால், புதியவர்கள் அதை அச்சுப் பிழை என்றே எண்ணிவிடுகிறார்கள். அது ஒரு குரல். காதுக்குள் போகாமல் நேரே எலும்புக்குள் இறங்கும் குரல். சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் எமன் மேடைக்கு வரும்போது சுருதி எப்படி இறங்குமோ, அப்படி இறக்கி, மெதுவாக, அவசரமில்லாமல் வாசியுங்கள். சாவுக்கு எந்த அவசரமும் இல்லை.

எங்கே சிரிப்பது

இந்த நாவல் சிரிப்பை முகத்தில் காட்டாமல் பகிடி சொல்கிறது. மிகப் பெரிய விடயத்தைச் சின்ன விடயம் போலவும், சின்ன விடயத்தை உலகப் பிரச்சினை போலவும் ஒரே சமநிலைக் குரலில் சொல்லிக்கொண்டு போகும். நம் ஊர்க் கிழவர்கள் படலையில் சாய்ந்துகொண்டு கதை சொல்லும் முறை அதுதான். அந்தக் காதோடு கேட்டால் போதும்.

லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 என்ற வட்டப்பாதை 1986 இல் முழுமையடைந்தது, நீளம் 188 கிலோமீற்றர். நெரிசலுக்குப் பேர்போனது. அதன் வடிவமே ஒரு பழைய பேய்க்குறி என்றும், வீதி அந்த வடிவத்தில் அமைவதற்காகக் குரோலி ஒரு மழை இரவில் சேற்றில் இறங்கி அளவை முளைகளைச் சில மீற்றர் நகர்த்தி வைத்தான் என்றும் நாவல் சொல்கிறது. லண்டனைக் காணாதவருக்கு எம்25 என்ன என்று நினைக்கிறீர்களா? 2002 இல் திறந்து 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்ட, யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியின் ஓரத்தில் வாழ்ந்தவர்களுக்கு, ஒரு வீதி மனிதரின் உயிரோடு எப்படி விளையாடும் என்று விளக்கம் தேவையில்லை. இரவோடிரவாக எல்லைக்கட்டை நகர்ந்த கதையும் வன்னியில் காணி வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். எங்கள் குழுவில் அந்தப் பத்தி வந்ததும் அரை மணி நேரம் எல்லைக்கட்டைக் கதைகளே ஓடின. அந்த அரை மணி நேரமும் நாவல் வாசித்த நேரம்தான்.

எனக்கு மிகப் பிடித்தது குரோலியின் வீட்டுச் செடிகள். லண்டனிலேயே செழிப்பான செடிகள் அவனுடையவை. காரணம், அவன் அவற்றை மிரட்டி வளர்க்கிறான். இலையில் புள்ளி விழுந்த செடியையோ வளர்ச்சி குன்றிய செடியையோ தூக்கி, மற்றச் செடிகள் ஒவ்வொன்றின் முன்பும் கொண்டுபோய்க் காட்டி, உங்கள் நண்பனுக்கு விடை கொடுங்கள் என்கிறான். பிறகு அதோடு வெளியே போய், வெறும் சாடியோடு திரும்பி வந்து, அதை எல்லாவற்றுக்கும் தெரியும் இடத்தில் வைத்துவிடுகிறான். செடிகள் பயத்தில் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. மிளகாய்த் தோட்டம் செய்யும் அக்கா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "அவனையும் கீழே அப்படித்தான் நடத்தியிருப்பார்கள்" என்றார். நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், எனக்கு அது தோன்றவில்லை. பயத்தில் வாழ்பவன் தன் கைக்கு எட்டியதைப் பயமுறுத்துகிறான். அதற்குப் பிறகு குரோலி எனக்கு இன்னும் நெருக்கமாகிவிட்டான்.

நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாத்தானின் பிள்ளைக்கு 11 வயது நிறையும் நாளில் நரகத்திலிருந்து ஒரு பயங்கர வேட்டைநாய் அனுப்பப்படுகிறது. அதற்கு அவன் இடும் பெயரிலேயே அதன் குணம் முடிவாகும். மறைந்து நின்று அது காது கொடுக்கிறது. பையன் தன் கூட்டாளிகளிடம், தனக்குப் பெரிய நாய் வேண்டாம், விளையாடக்கூடிய சின்ன நாய்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் முன்னால் வரும்போது அது ஒரு காது மடிந்த சின்ன நாட்டுநாயாக இருக்கிறது. ‘நாய்’ என்றே பெயரும் வைத்துவிடுகிறான். இந்த இடத்தைச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து வாசியுங்கள்.

தீர்க்கதரிசனங்கள் வரும் இடங்களில் சொல் சொல்லாகப் பொருள் தேட வேண்டாம். அனதீமாவின் மூதாதையான சூனியக்காரி அக்னஸ் நட்டர் எழுதி, 1655 இல் அச்சானதாக நாவல் சொல்லும் நூல் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். கண்ணுக்குக் கரடுமுரடாகத் தெரிவது உரத்து வாசித்தால் காதுக்கு விளங்கும். அவளுடைய நூலின் தலைப்பில் வரும் ‘நைஸ்’ என்ற சொல்லுக்கு இனிமை என்று பொருள் கொள்ளாதீர்கள், பழைய வழக்கில் அதன் பொருள் துல்லியம். அவள் சொன்னது அத்தனையும் துல்லியமாகப் பலித்தது, ஆனாலும் ஒரு பிரதிகூட விற்கவில்லை. ஊரில் சாத்திரியார் இரண்டு பொருள்படச் சொல்வதும், நடந்து முடிந்த பிறகு நாம் அதைப் பொருத்திப் பார்ப்பதும் பழகியவர்களுக்கு இது தனிச் சுவை. ஷாட்வெலின் பேச்சு கொச்சை மொழி, புரிந்தவரை போதும், தாண்டிப் போங்கள்.

போர் வரும் பக்கங்கள்

இதை எழுதாமல் வன்னியில் எவருக்கும் இந்தப் புத்தகத்தை நான் கையளிக்க முடியாது. நால்வரில் போர், செந்நிறக் கூந்தல் கொண்ட அழகிய பெண்ணாக வருகிறாள். தொடக்கத்தில் ஆயுதம் விற்கிறாள். நீண்ட காலம் அமைதியாக இருந்த ஒரு கற்பனை ஆபிரிக்க நாட்டில் அவள் வந்து தங்கிய பிறகு போர் வெடிக்கிறது. பிற்பாடு போர்ச் செய்தியாளராகிறாள். மற்றவர்கள் போர் நடக்கும் இடத்துக்குப் போவார்கள், இவள் போன இடத்தில் போர் வரும். நகைச்சுவையாகவே எழுதப்பட்ட பக்கங்கள் அவை.

முதல் சுற்றில் இந்த இடம் வந்தபோது, 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து தப்பி வந்தவர் ஒருவர் எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டோம். அடுத்த ஞாயிறு அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு மேலே வாசித்தோம். மூன்று வாரம் கழித்து அவர் தானாக வந்தார். விட்ட பக்கங்களை எடுங்கள் என்றார். வாசித்து முடியும்வரை தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சண்டை பிடித்தவர்களைப் பார்த்து இவர்கள் சிரிக்கவில்லை, விற்றவளைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்கள்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எனவே கூட வாசிப்பவர் யார், அவர் எதைக் கடந்து வந்தவர் என்று முன்கூட்டியே யோசியுங்கள். வாசிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: போரும் பஞ்சமும் பாத்திரங்களாக வரும், விரும்பினால் தாண்டலாம், பிறகு திரும்பி வரலாம். கதை அறுந்து போகாது. பஞ்சம் வரும் பக்கங்களுக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே பணக்காரர்கள் சத்தில்லாத உணவுக்குக் காசு கொடுத்து மெலிகிறார்கள். உப்பில்லாத கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அது சிரிப்பாகவும் இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

திரையும் வானொலியும்

பிபிசி வானொலி 2014 டிசம்பரில் இதை நாடகமாக ஒலிபரப்பியது. 2019 இல் ஆறு பகுதிகளாகத் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. மைக்கல் ஷீன் தேவதூதனாகவும் டேவிட் டெனன்ட் குரோலியாகவும் நடித்தார்கள், இருவரும் பிரமாதம். ஆனாலும் நாவலை முடித்த பிறகே பாருங்கள். முதலில் பார்த்துவிட்டால் அந்த இரண்டு முகங்களும் மனதில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் வாசிப்பில் பிறக்க வேண்டிய குரோலி பிறக்க மாட்டான். அடிக்குறிப்புகளில் பலவும் திரைக்கு வரவில்லை. பிராட்செட் 2015 மார்ச்சில் காலமானார், தொடரை அவர் பார்க்கவில்லை.

ஞாயிறு

சனிக்கிழமைப் பகுதி ஒரு விமானத்தளத்தில் போய் முட்டி நிற்கும். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அதை ஒரே இருப்பில், முடிந்தால் நான்கைந்து பேராகக் குரல் பிரித்து வாசியுங்கள். தண்ணீரோ தேநீரோ பக்கத்தில் இருக்கட்டும், தொண்டை வறண்டுவிடும்.

அதன்பின் ஒருநாள் இடைவெளி விட்டு, ஞாயிறு பகுதியைப் பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே, மரத்தடியில் வாசியுங்கள். கொஞ்சப் பக்கங்கள்தான். ஆடம் வீட்டுத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று தண்டிக்கப்பட்டிருக்கிறான். வேலியில் ஓர் ஓட்டை. அதற்குள் நாய் ஓடிவிடுகிறது, பிடிக்கப் போகிறேன் என்று பையனும் பின்னால் போகிறான். அப்புறம் அயல் தோட்டம், அங்கே ஓர் அப்பிள் மரம். முதல் பக்கத்துத் தோட்டத்தை நினைவில் வைத்திருப்பவருக்கு இங்கே நெஞ்சு நிறையும்.

சென்ற சுற்றில் சனிப் பகுதி இழுத்துக்கொண்டு போனதில் ஞாயிறை வாசிக்க வைகாசி கடைசியாகிவிட்டது. வற்றாப்பளைப் பொங்கலும் முடிந்திருந்தது. அப்பிள் கிடைக்கவில்லை. ஒரு பையன் காட்டுக்குப் போய்த் தொப்பி நிறையப் பாலைப்பழம் பறித்துக்கொண்டு வந்தான். பழத்தின் பால் உதட்டில் ஒட்டி, வாசித்துக்கொண்டிருந்த என் தங்கை மகளுக்குக் கடைசிப் பக்கத்தில் சொற்கள் இழுபட்டன. அவள் உதட்டைத் துடைத்துவிட்டு அந்தப் பத்தியை முதலிலிருந்து தொடங்கினாள்.